தன்னைப் பேசும் கலை: ‘கண்ணாடி’ப் படமும் காண்போர் தீர்ப்பும்

சோவியத்து நாட்டின் கலினின் நகரத்துப் பொறியாளர் ஒருவர், திரையரங்கை விட்டு வெளிவந்த அரை மணி நேரத்துக்குள் எழுதுகோலை எடுத்தார். தாம் கண்ட படத்தை இயற்றியவருக்கே கடிதம் வரைந்தார். இயக்குநராகிய தாங்களேனும் இப்படத்தைப் பார்த்ததுண்டா என்பது அவர் வினா. அதில் ஏதோ நோய்த்தன்மை இருப்பதாகத் தமக்குத் தோன்றுகிறது என்றும், இத்தகைய படங்கள் தங்களுக்கு வேண்டுவதில்லை என்றும் எழுதினார். பண்பு தவறாமல் இயக்குநரின் பணி சிறக்க வாழ்த்தும் கூறினார். கோர்க்கி நகரத்துப் பெண்மணி ஒருவரின் கடிதமும் அதே இயக்குநரின் கைக்கு வந்தது. தம் இளமைப் பருவம் அவ்வாறே இருந்தது என்றும், அதனை இயக்குநர் எப்படி அறிந்தார் என்று தமக்கு வியப்பாக இருக்கிறது என்றும் அவர் எழுதியிருந்தார். அந்தக் காற்றும், அந்த இடிமழையும், அணைந்துபோன விளக்கும், தாய் எப்போது வீடு திரும்புவாள் என்ற ஏக்கமும் தம்முடையனவே என்றார். இருண்ட அரங்கில் அமர்ந்திருந்தபோது, தாம் தனியர் அல்லர் என்று வாழ்நாளில் முதன்முறையாக உணர்ந்ததாகவும் சொன்னார்.

இருவரும் கண்டது ஒரே படம். ஆந்திரே தார்கோவ்ஸ்கி இயக்கி, 1975-இல் மாஸ்கோவில் வெளிவந்த ‘கண்ணாடி’ என்பது அது.

ஒரே படைப்பு ஒருவருக்குத் தலைவலியும் மற்றொருவருக்கு ஆறுதலும் தருமாயின், ‘சுவை பலவிதம்’ என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் இங்கே எழுப்பப்பட்ட குற்றச்சாட்டு சுவையைப் பற்றியதன்று. ஒரு கலைஞன் தன் தாய், தன் தந்தை, தன் கனவு, தன் மனவருத்தம் என்று தன்னையே படமாக்கிப் பொதுமக்கள் முன் வைக்கலாமா? பொதுப்பணத்தில் எடுத்த படத்தில் அவன் தன்னில் தானே திளைத்துக்கொண்டிருக்க, நுழைவுச்சீட்டு வாங்கியவன் ஏன் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? வினா நேர்மையானது. அதற்கு விடை தேடும் கடமை, இலக்கியத்தைப் பிறருக்குக் கற்பிக்கும் தமிழாசிரியர்களாகிய நமக்கும் உண்டு. தன்னுணர்ச்சிப் பாட்டைப் படிக்கும் மாணவனும் இதே வினாவைத்தான் மனத்துக்குள் கேட்டுக்கொள்கிறான்.

முதலில் படத்தைப் பற்றிச் சில செய்திகள். தார்கோவ்ஸ்கி 1932-இல் பிறந்தவர். தந்தை அர்சேனி தார்கோவ்ஸ்கி, ரஷ்ய மொழியில் பெயர் பெற்ற கவிஞர். மகன் சிறுவனாக இருந்தபோதே குடும்பத்தைப் பிரிந்து போனவர்; பின்னர்ப் போரில் ஒரு காலை இழந்தவர். தாய் மரியா விஷ்ன்யகோவா மாஸ்கோ அச்சகம் ஒன்றில் புரூப் பார்க்கும் வேலை செய்து இரு குழந்தைகளையும் வளர்த்தார். இவர்கள் வாழ்வே படத்தின் பொருள். அப்பொருளும் கோவையாகச் சொல்லப்படவில்லை. போருக்கு முந்திய நாட்டுப்புற வீடு, போர்க்காலம், மணமுறிவு நேர்ந்துவிட்ட நடுவயது ஆகிய மூன்று காலங்களும் முன்னறிவிப்பின்றி ஒன்றுக்குள் ஒன்று புகுகின்றன. மழை வீட்டின் கூரைக்குள் பெய்கிறது. தாய் படுக்கைக்கு மேலே காற்றில் மிதக்கிறாள். வண்ணத்திலிருந்து கறுப்பு வெள்ளைக்குப் படம் மாறும்போது, அது கனவுக்கா நனவுக்கா என்று காண்பவர் விதி வகுத்துக்கொள்ள முடிவதில்லை. தாயாகவும் மனைவியாகவும் மார்கரீதா தெரேகோவா என்ற ஒரே நடிகையே வருகிறார். போர்க்காலத்துச் சிறுவனாகவும் இக்காலத்து மகனாகவும் வருபவன் ஒரே பையன். இடையிடையே ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரின் செய்திப்படம், ஹிரோஷிமாக் குண்டு, சீன எல்லைப் பூசல் ஆகியன விளக்கவுரை எதுவுமின்றி வந்து போகின்றன. தந்தையின் கவிதைகளைத் தந்தையின் குரலே சொல்கிறது.

ஆகவே தலைவலி வந்தது என்று எழுதிய இலெனின்கிராடுப் பெண் பொறியாளரை நாம் எள்ளலாகாது. அவர் சோம்பேறித்தனமாகப் படம் பார்த்தவர் அல்லர். யார் யார், எது எதன்பின் என்று மெய்யாகவே முயன்று பார்த்ததால்தான் தலை வலித்தது என்கிறார். அப்படியும் கடைசிவரை இருந்து பார்த்திருக்கிறார். நல்ல படமோ கெட்ட படமோ, மற்றப் படங்கள் விளங்கவாவது செய்யும், இதுவோ அதுவும் இல்லை என்பது அவர் முறையீடு. ஒரே முகத்தைத் தாய்க்கும் மனைவிக்கும் வைத்துவிட்டு, அதற்கு ஒரு சொல்லில் மட்டும் குறிப்புத் தந்து நகர்ந்துவிடும் படத்தில், முதன்முறை காண்பவர் வழி தவறுவது அவர் குற்றமன்று. புரியாமையைக் காண்பவரின் அறியாமை என்று உடனே தீர்ப்பிடும் பழக்கம் நம்மிடையேயும் உண்டு. கடின நடையில் எழுதிவிட்டுப் படிப்பவனைக் குறை சொல்லும் புலவர்களை நாம் காணாதவர்களா?

உண்மையில், தார்கோவ்ஸ்கியைத் தன்னில் திளைப்பவர் என்று முதலில் எண்ணியவர் அரங்குக்கு வந்த பார்வையாளர் அல்லர். அவருடைய முந்திய படங்களான ‘இவானின் இளமை’, ‘ஆந்திரே ருப்ளோவ்’, ‘சோலாரிஸ்’ மூன்றையும் ஒளிப்பதிவு செய்த வதீம் யூசோவ், இந்தக் கதையைப் படித்துவிட்டு, இது மிக வெளிப்படையாக இயக்குநரின் சொந்த வாழ்வு, இதனை எடுக்கத் தம் மனம் ஒப்பவில்லை என்று விலகிக்கொண்டார். கியோர்கி ரெர்பெர்க் என்ற வேறொருவரே படத்தை எடுத்தார். நெருங்கிய நண்பருக்கே கூச்சம் தந்த பொருள், அயலாருக்கு எரிச்சல் தந்ததில் வியப்பில்லை.

இனி, அரசின் செயலையும் பார்க்க வேண்டும். சோவியத்து நாட்டில் ஒரு படத்தை எத்தனை படிகள் எடுப்பது, எந்த அரங்குகளில் ஓட்டுவது என்பதை அரசின் திரைப்படக் குழுவாகிய கோஸ்கினோ முடிவு செய்தது. ‘கண்ணாடி’யை அது இரண்டாந்தரப் பட்டியலில் வைத்தது. சில படிகளே எடுக்கப்பட்டன. சில அரங்குகளிலேயே ஓடியது. பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவினர் விரும்பிக் கேட்டும் படம் அனுப்பப்படவில்லை. ‘இஸ்குஸ்த்வோ கினோ’ என்ற திரைக்கலை இதழ் 1975-இல் திரைத்துறையினரின் கருத்துரைகளை வெளியிட்டது. மூத்த இயக்குநர்கள் பலர் திறமையைப் போற்றிவிட்டு, விளங்காமையைச் சுட்டி வருந்தினார்கள். இவை எல்லாவற்றுக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: மக்களுக்கு விளங்காது. கலினின் பொறியாளர் மனம் நொந்து எழுதிய அதே சொல், அதிகாரியின் மேசையில் வேறு பொருள் பெற்றுவிட்டது. பொறியாளர் தமக்காகப் பேசினார். அதிகாரியோ பொறியாளருக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு, கோர்க்கி நகரத்துப் பெண்மணி போன்றோர் அந்தப் படத்தைக் காணும் வாய்ப்பைக் குறைத்தார். ‘எனக்கு விளங்கவில்லை’ என்பது ஒரு மனிதனின் உரிமை. ‘உனக்கு விளங்காது’ என்று அடுத்தவனைப் பார்த்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

நன்றி கூறிய கடிதங்களும் பலவகை. இலெனின்கிராடுத் தொழிலாளி ஒருவர், பகலில் ஆலையிலும் மாலையில் கல்வியிலும் காலம் கழிப்பவர், அந்தப் படத்தைப் பற்றித் தம்மால் பேசவே இயலாது, ஏனெனில் அதனைத் தாம் வாழ்ந்துகொண்டிருப்பதாக எழுதினார். இன்னொருவர் ஒரே வாரத்தில் நான்கு முறை பார்த்திருக்கிறார். அறிவியற் கழகத்தின் இயற்பியல் நிலையம் ஒன்றின் சுவரிதழில் வந்த குறிப்போ, இதில் கணக்கின் தருக்கம் தேடாதீர்கள், விண்மீன்களையும் கடலையும் காண்பதுபோலக் காணுங்கள் என்று வழி சொன்னது. படித்தவர் பாராட்டினர், பாமரர் பழித்தனர் என்ற எளிய கணக்கு இங்கே செல்லாது என்பதைக் கவனிக்க வேண்டும். பழித்தவர்களில் பொறியாளர்கள் இருந்தனர். போற்றியவர்களில் ஆலைத் தொழிலாளி இருந்தார்.

ஒரு தடையையும் இங்கே கூறிவிட வேண்டும். இக்கடிதங்களை நாம் அறிவது எவ்வாறு? தார்கோவ்ஸ்கியே அவற்றைத் தம் நூலின் முகப்பில் எடுத்து வைத்திருக்கிறார். காலத்தைச் செதுக்குதல் என்ற பொருளில் தலைப்பிட்ட அந்நூல் 1986-இல், அவர் இறந்த ஆண்டில், ஆங்கிலத்தில் வந்தது. வசை கடிதங்களை முதலில் வைத்து, வாழ்த்துக் கடிதங்களைப் பின்னால் வைத்திருக்கிறார். வழக்கில் ஒரு தரப்பினரே சாட்சிகளைத் தேர்ந்து நிறுத்தினால் நீதிபதி எவ்வளவு எச்சரிக்கையாக இருப்பாரோ, அவ்வளவு எச்சரிக்கை நமக்கும் வேண்டும். கோஸ்கினோ சினமுற்ற பார்வையாளரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது போலவே, இயக்குநர் நெகிழ்ந்த பார்வையாளரைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். எனினும் வசையையும் மறைக்காமல் அச்சேற்றினாரே, அது பாராட்டத்தக்கது. வாழ்த்துரைகளை மட்டும் முன்னுரையாக அடுக்கி நூல் வெளியிடும் நம்மவர்க்கு அந்தத் துணிவு எளிதில் வருவதில்லை.

ஆதலின் கடிதங்களை எண்ணித் தீர்ப்புச் சொல்ல இயலாது. படத்துக்கே செல்ல வேண்டும்.

அச்சகக் காட்சி ஒன்று உண்டு. இளந்தாய் கொட்டும் மழையில் ஓடி வருகிறாள். தான் பார்த்த புரூப் ஒன்றில் ஒரு பிழை நின்றுவிட்டதோ என்ற அச்சம் அவளை வீட்டில் இருக்கவிடாமல் துரத்தியிருக்கிறது. சுவரில் ஸ்டாலின் படம். அச்சு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தாள்கள் ஏற்கெனவே ஏறிவிட்டன. நடுங்கும் கையால் புரட்டிப் பார்க்கிறாள். பிழை இல்லை. அவள் அஞ்சிய சொல் எது என்று தோழியின் காதில் மட்டும் சொல்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள். அந்தச் சொல் நமக்குக் கேட்பதில்லை. சிரிப்பு ஓய்வதற்குள் தோழி காரணமின்றிச் சீறி, தஸ்தாயெவ்ஸ்கியின் பாத்திரம் ஒன்றோடு அவளை ஒப்பிட்டுக் குத்துகிறாள். இவள் குளியலறைக்குப் போனால் குழாயில் தண்ணீரும் நின்றுவிடுகிறது. அவ்வளவே காட்சி. செய்தித்தாளுக்கும் பள்ளி நூலுக்கும் புரூப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டத்தின் பதைப்பை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓரெழுத்துப் பிழை நம்மிடையே நகைப்புக்கு இடமாகலாம், அல்லது கண்டிப்பு வாங்கித் தரலாம். அவள் காலத்தில், அந்தச் சுவர்ப்படத்தின் கீழ், அது அரசியற் குற்றமாகி ஒருவரைச் சிறைக்கும் அனுப்பக்கூடியது. சொல்லைக் கேட்கவிடாமல் மறைத்ததால் அச்சம் குறையவில்லை, பெருகியது. இது ஒரு மகன் தன் தாயைப் பற்றிச் சொல்லும் கதைதான். ஆயினும் அந்த அச்சத்தில் வாழ்ந்த கோடிக்கணக்கானவர்களில் ஒருத்தியின் கதையாகவும் அது நிற்கிறது. சோவியத்து அரங்கில் இருந்த நடுவயதினர் அனைவருக்கும் இது விளங்கியிருக்கும். இக்காட்சிக்கு உரை தேவையில்லை.

மற்றொரு காட்சி, போர்க்காலப் பள்ளியின் துப்பாக்கிப் பயிற்சி. இலெனின்கிராடு முற்றுகையில் தாய் தந்தையரை இழந்த சிறுவன் ஒருவன். பின்புறம் திரும்பு என்று பயிற்றுநர் ஆணையிடுகிறார். ரஷ்ய மொழியில் அந்த ஆணைச் சொல்லுக்குச் ‘சுற்றிலும்’ என்ற பொருளும் உண்டு. பையன் முழு வட்டமாகச் சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கிறான். கேட்டால், சொற்பொருளின்படியே செய்ததாகச் சாதிக்கிறான். பின்னர் அவன் ஒரு கையெறி குண்டை வீசிவிட, பயிற்றுநர் பிள்ளைகளைக் காக்க அதன்மேல் பாய்ந்து படுக்கிறார். அது பயிற்சிக்கான பொய்க்குண்டு. போரில் அடிபட்ட அவர் தலையின் மெல்லிய இடம் துடிப்பதை மட்டும் படக்கருவி காட்டுகிறது. இதில் இயக்குநரின் தன்னலம் எங்கே இருக்கிறது? அவர் இக்காட்சியில் அந்த வகுப்பு மாணவர்களுள் ஒருவர், அவ்வளவே.

இதனை அடுத்து, 1943-இல் சிவாஷ் ஏரியின் சேற்றைக் கால்நடையாகக் கடந்த சோவியத்து வீரர்களின் செய்திப்படம் வருகிறது. வெற்றி முழக்கமில்லை. முழங்கால் வரை சேறு, தோளில் சுமை, நடை. ஆவணக் காப்பகத்தில் இச்சுருளைக் கண்டபோதுதான் தம் படம் உருப்பெற்றது என்றும், அதனை எடுத்த ஒளிப்பதிவாளர் அதே நாளில் உயிர் துறந்தார் என்றும் தார்கோவ்ஸ்கி எழுதுகிறார். தன் வாழ்வை மட்டும் பேச வந்தவனுக்கு அந்தச் சேற்றில் என்ன வேலை என்று கேட்டால், அவன் தந்தை அந்தப் போரில் இருந்தான் என்பதே விடை. அரங்கில் இருந்தவர்களின் தந்தையரும் இருந்தனர்.

இனி, படத்தில் கதை சொல்பவனைப் பார்ப்போம். அலெக்சேய் என்ற பெயர் அவனுக்கு உண்டு. சிறுவனாக அவனைக் காண்கிறோம். வளர்ந்தபின் முகம் இல்லை. குரல் மட்டும் கேட்கிறது. அக்குரலும் இயக்குநருடையதன்று, இன்னோகெந்தி ஸ்மோக்துனோவ்ஸ்கி என்ற நடிகருடையது. அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்படுவதில்லை என்ற தொல்காப்பிய மரபை நாம் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக் கொடுக்கிறோம். பெயரை நீக்கினால் படிப்பவர் உள்ளே வர இடம் உண்டாகிறது. அந்த மரபைக் கேள்வியுற்றிராத ஒருவர், பெயரை வைத்துக்கொண்டு முகத்தை நீக்கி, அதே பயனை அடைந்திருக்கிறார். கோர்க்கி நகரத்துப் பெண்மணி தம் பாட்டியின் வீட்டை அங்கே கண்டாரென்றால், அந்த வெற்றிடமே அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

அந்தக் குரல் தன்னைப் புகழ்ந்துகொள்ளவும் இல்லை. தாயோடு தொலைபேசியில் பேசுகிறான். நாம் ஏன் எப்போதும் சண்டையிடுகிறோம், என்மேல் தவறிருந்தால் மன்னித்துவிடு என்கிறான், இணைப்பு அறுந்துபோகிறது. பிரிந்த மனைவியிடம் ஏளனமாகப் பேசுகிறான். மகனிடம் பேசத் தெரியாமல் தடுமாறுகிறான். தன் தந்தை செய்ததையே தானும் செய்துவிட்டவன் அவன். தாய்க்கும் மனைவிக்கும் ஒரே முகம் என்பதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது: தந்தை விட்டுப்போன அதே பெண்ணைத்தான் இவனும் விட்டுவிட்டான். தன்னில் திளைப்பவன் தன்னை இப்படிக் கூண்டில் ஏற்றமாட்டான்.

ஆயினும் குற்றச்சாட்டு முழுதும் பொய் என்று சொல்ல மாட்டேன். தம் இளமைக்காலத்து வீட்டை அதே அடித்தளத்தின்மேல் மீண்டும் கட்டினார். வீட்டின் முன் இருந்த நிலத்தில் அந்நாளில் பக்வீட் என்ற வெள்ளைப் பூப் பூக்கும் தானியம் விளைந்தது அவர் நினைவு. இடைக்காலத்தில் அங்கே தீவனப் பயிரே விளைந்தது. பக்வீட் அம்மண்ணில் வாராது என்று கூட்டுப்பண்ணையார் உறுதியாகச் சொன்னார்கள். கேளாமல் நிலத்தைக் குத்தகைக்கு வாங்கி விதைத்தார். விளைந்தது. தாயை அழைத்து வந்து காட்டி, அவர் முகம் மாறுவதைக் கண்டார். முதிய தாயாக நடிக்க அதே தாயை அமர்த்தினார். செருக்குள்ள மருத்துவர் மனைவியாகத் தம் சொந்த மனைவியையே நிறுத்தினார். பாட்டுக்குத் தந்தையின் குரல். இவற்றை அறிந்தவர் காணும் படம் ஒன்று, அறியாதவர் காணும் படம் மற்றொன்று ஆகிவிடுகிறது. வயல் பூத்தது எல்லாருக்கும் தெரியும். அந்த முதியவள் யார் என்பது சிலருக்கே தெரியும். மாஸ்கோவில் வாழும் ஸ்பெயின் நாட்டு ஏதிலியர் காட்சியும் அத்தகையதே. ஒரு தந்தை காளைப் போரை நடித்துக் காட்டுகிறார், மகள் ஆடுகிறாள், கன்னத்தில் அறைகிறார். போரினால் தாயைப் பிரிந்து ரஷ்யாவுக்குக் கப்பலேறிய குழந்தைகளின் செய்திப்படம் பின்னால் வரும்போதுதான் இது தாய்ப்பிரிவின் மற்றொரு கிளை என்பது தெரிகிறது. அதற்குள் பலர் வழி தவறிவிடுகிறார்கள். இங்கே பொறியாளர் பக்கமே நியாயம்.

நகைச்சுவை இல்லாமையும் ஒரு குறை. இத்தாலியர் பெல்லினியின் ‘எட்டரை’ 1963-இல் வந்த படம். அதுவும் தன்னைப் பற்றியே எடுத்தது. அதுவும் கனவும் நனவும் கலந்தது. அதே ஆண்டு மாஸ்கோ திரைப்பட விழாவிலேயே அதற்குப் பெரும்பரிசு கிடைத்தது. பெல்லினி தம் சாயலான இயக்குநனைக் கோமாளித்தனத்தோடு உலவவிட்டு, காண்போரும் அவனைப் பார்த்துச் சிரிக்க இடந்தந்தார். சிரிக்கவிட்டபின் யார் சினம் கொள்வர்? தார்கோவ்ஸ்கி அந்த வாயிலை அடைத்துவிட்டார். நூறு நிமிடத்துக்கு மேல் ஓடும் படத்தில், அந்த இரு பெண்களின் அச்சகச் சிரிப்பைத் தவிர நாம் கூடச் சிரிக்க ஏறத்தாழ இடமே இல்லை.

துப்புரவுப் பெண் ஒருத்தியின் கதையையும் தார்கோவ்ஸ்கி சொல்வதுண்டு. படம் முடிந்து கற்றவர்கள் நெடுநேரம் விவாதித்துக்கொண்டிருந்தார்களாம். அரங்கைப் பெருக்க வந்தவள் பொறுமையிழந்து, இதில் பேச என்ன இருக்கிறது என்றாளாம்: ஒருவன் நோயுற்றுச் சாவுக்கு அஞ்சுகிறான், பிறருக்குச் செய்த தீமைகளை நினைக்கிறான், மன்னிப்புக் கேட்க விரும்புகிறான் என்பது அவள் உரை. கதை அழகாகவே இருக்கிறது. மிக அழகாக இருப்பதாலேயே எனக்கு ஐயம். கற்றவரை எளியவர் வாயடைக்கும் கதை எல்லா நாட்டிலும் உண்டு, அதைச் சொல்பவரும் இயக்குநரே. ஆனால் உரை பிழையன்று. படத்தின் இறுதியில் கதை சொல்பவன் முகம் தெரியாமல் படுத்திருக்கிறான். உடலில் பெருநோய் இல்லை, மனச்சான்றும் நினைவுமே நோய் என்ற பொருள்பட மருத்துவர் பேசுகிறார். படுக்கையில் கிடந்தவன் கை ஒரு சிறு பறவையை எடுத்து மேலே விடுகிறது. அந்தப் பெண் இருந்தாளோ இல்லையோ, அவள் சொன்னதற்குப் படத்தில் சான்று இருக்கிறது. அந்த முறையைத்தான் நாமும் வேண்டுகிறோம்.

காலம் போக, தீர்ப்புத் தலைகீழாயிற்று. பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 2012-இல் எடுத்த கணிப்பில், உலகத் திறனாய்வாளர் பட்டியலில் ‘கண்ணாடி’ 19-ஆம் இடமும், இயக்குநர் பட்டியலில் 9-ஆம் இடமும் பெற்றது. 2022-இல் இயக்குநர் பட்டியலில் 8-ஆம் இடத்துக்கு ஏறியது. அப்பட்டியல்களில் கலினின் பொறியாளருக்கு வாக்கில்லை. புகழ் ஏற ஏற, விளங்கவில்லை என்று சொல்லக் காண்பவருக்கு நாணம் வந்துவிடுகிறது. விளங்காததை மெச்சுவது, விளங்காததைத் தடுப்பதைப் போலவே படத்துக்குத் தீங்கு செய்வது. இன்று இந்தப் படத்தை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், இது பெரும்படம் என்ற முன்னுரையோடு தொடங்காமல், அச்சகக் காட்சியை மட்டும் முதலில் காட்டலாம். அவள் எதற்காக ஓடுகிறாள் என்று மாணவர் கேட்பார்கள். ஸ்டாலின் காலத்து வரலாறு தானே வந்து சேரும்.

இயற்பியல் நிலையத்தார் சொன்ன வழியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கடலை யாரும் கோத்து வைக்கவில்லை. இந்தப் படத்தைக் கோத்தவர் இருக்கிறார். எடுத்து முடித்தபின் காட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், இருபதுக்கு மேற்பட்ட முறை வரிசையை மாற்றிப் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். இனி முயல்வதற்கில்லை என்ற நிலையில் கடைசியாக ஒரு வரிசை நின்றது என்கிறார். அப்படியானால் இந்தக் காட்சிக்குப் பின் ஏன் அந்தக் காட்சி என்று பொறியாளர் கேட்ட வினா சரியான வினாவே. படத்தை ஆக்கியவரும் பல வாரங்கள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.